இருபத்திரண்டாம் கிலோமீட்டர்

மார்த்துனியில் ஏரிக்கரையை விட்டு
செலிம் கணவாய்க்கு ஏறும் வழியில்
இருபத்திரண்டாம் கிலோமீட்டர் கல்லருகே
செத்துப்போகும் என் ஷிகுலி.
எண்பத்தாறில் பிறந்தது,
என்னைவிட மூன்று வயது மூத்தது.
முதலில் ஒரு விக்கல்.
பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால்
சுவரிடம் கடன் கேட்டதுபோல்.
பிறகு சரளையில் டயர் உருளும் சத்தம் மட்டும்.

டிக்கியில் எண்பது கிலோ வெள்ளை மீன்.
யெகெக்நாத்சோரில் உணவகம் நடத்தும் நூனே
பத்தரை தாண்டினால் பாதி விலைதான் தருவாள்.
மீனை முகர்ந்துகூடப் பார்க்கமாட்டாள்.
கடிகாரத்தைத்தான் பார்ப்பாள்.

பானெட்டைத் தூக்கினேன்.
ப்ளக்கைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன்,
பொறி நீலமாய், கொழுப்பாய்த் தெறித்தது.
முனை மட்டும் காய்ந்த நாக்கு.
கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்து
கம்பியை இழுத்தேன்.
ஒரு சொட்டுப் பீய்ச்சவில்லை.
தீ இருக்கிறது, தீனி இல்லை.
அதுவரை எனக்கே தெரிந்தது.

பம்ப் கொதிக்கிறது என்றான் கார்னிக்.
பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறதாம்.
ஈரத்துணி போடு.
போட்டேன், மீன்பெட்டியில் உருகிய தண்ணீரில் நனைத்து.
பத்து நிமிடத்தில் கிளம்பியது.
அந்த வாரம் முழுக்க
ஹீட்டரைத் திருகினாலே கவுச்சி.

அடுத்த புதன், அதே கல்.

பம்பின் உள்தோலை மாற்றினான்.
பில்டரை மாற்றினான்.
குழாயை வாயில் வைத்து டேங்க்கை நோக்கி ஊதினான்,
உள்ளே குபுகுபுவென்று கேட்டது.
"குப்பை போயிற்று" என்று துப்பினான்.
அன்று நூனேயிடம் ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டேன்.
முழு விலை.
கார்னிக்குக்கு இரண்டு மீன்.

அடுத்த புதன், அதே கல்.

ஞாயிறன்று அவனே ஓட்டிப் பார்த்தான்.
மீன் இல்லை, நானும் அவனும்தான்.
கணவாய் வரை ஏறி, வணிகர் சத்திரத்தருகே திருப்பி, இறங்கி,
ஒரு தும்மல்கூட இல்லை.
"உன் காலில்தான் கோளாறு, ஷோகேர்."

அக்டோபர்.
கல்லின் தலையில் முதல் பனி.
வண்டி நின்றது.
பம்ப்பில் கைவைத்தேன், என் மூக்கைப்போல் சில்லென்றிருந்தது.
இந்தக் குளிரில் எது கொதிக்கும்?
துணியை எடுத்தவள் திரும்ப வைத்தேன்.
பங்க்காரன் அளவில் ஏமாற்றினானோ என்று
ஒரு குச்சியோடு போய் டேங்க் மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

வெளியே அல்ல, உள்ளே.
ஏரியில் முங்கி, வெகுநேரம் கழித்து
எழுந்தவள் இழுக்கும் மூச்சு.

சாவியைத் திருப்பினேன்.
துணியில்லை, காத்திருப்பில்லை, உடனே பிடித்தது.

அப்படியென்றால்
அன்று குணப்படுத்தியது ஈரமில்லை,
நான் சும்மா நின்ற பத்து நிமிடம்.
கார்னிக்கின் ஊதல் எந்தக் குப்பையையும் தள்ளவில்லை,
காற்றைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவே.
டேங்க் கொடுக்கத்தான் பார்த்தது.
உள்ளே வெற்றிடம் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

ஆனால் ஞாயிறு ஏன் ஓடியது?

டிக்கியைத் திறந்து பெட்டியை நகர்த்தினேன், முதுகு முறிய.
டேங்க்குக்கும் பெட்டியின் மூலைக்கும் நடுவே
சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய்,
டேங்க் மூச்சிழுக்கும் வழி,
பட்டையாய் நசுங்கிக் கிடந்தது.
மே மாதம் வாங்கிய பெட்டி.
இரண்டு நடையை ஒன்றாக்கலாம் என்று
நான்தான் பெரியதாகக் கேட்டு வாங்கினேன்.
மே மாதத்திலிருந்துதான் இந்தக் கல்.

கட்டைவிரலால் பிசைந்தேன்.
அவசரமில்லாமல் உருண்டையானது.
நடுவில் ஒரு விறகுத் துண்டைச் செருகினேன்.

பதினொன்று ஐந்து.
நூனேயிடம் எல்லாம் சொன்னேன்,
குழாய், மூடி, அந்தச் சத்தம்கூட.
முதல்முறையாக ஒரு மீனைத் தூக்கி
செவுளை விரித்துப் பார்த்தாள்.
சிவப்பாகத்தான் இருந்தது.
"பாதி" என்றாள்.

கார்னிக்கிடம் இன்னும் சொல்லவில்லை.
பழைய பம்ப்பை அவன் ஜன்னலில் வைத்திருக்கிறான்,
வருகிறவர்களிடமெல்லாம் காட்ட.